மாப்பிள்ளை கேட்ட மூன்று எழுத்து

"ஏபிஎஸ் வண்டி வந்தாத்தான் உங்க பொண்ணு என் வீட்டுப் படியேறலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தான் மாப்பிள்ளை நவீன்குமார்.

"ஏபிஎஸ்னா என்னப்பா?" சூளகிரியில் பழைய பைக் விற்பவனிடம் கேட்டார் சென்னப்பன்.

"மழையில சடார்னு பிரேக் புடிச்சாலும் சக்கரம் வழுக்காதுங்க. இதோ, மட்கார்டுலயே எழுதியிருக்குதே!"

வண்டியை வாங்கி மத்திகிரி வீட்டுக்கு ஓட்டி வந்தார். கல்யாணத்துக்கு முன்பு பிரேக் கம்பெனியில் வேலை பார்த்த மகள் சுவாதி, குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தாள்.

"சென்சாரே இல்லப்பா. வெறும் ஸ்டிக்கர்."

"ஐயோ, ஏமாத்திட்டானே! இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்."

"வேணாம்ப்பா. அவர் எழுத்தை மட்டுந்தான் பார்ப்பார். அப்புறம் அதை நம்பி வேகமா ஓட்டுவார்."

ஓரத்தில் பிரிந்திருந்த ஸ்டிக்கரை, புருஷன் சூடு வைத்த விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"மழை தொடங்குறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடுப்பா."