யாரும் ஏறாத நிறுத்தம்

பச்சை கேட் போட்ட வீட்டின் முன்னால் வேனை நிறுத்தி, டிரைவர் ஒரே ஒரு தடவை ஹார்ன் அடித்தார். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

"உள்ள இருக்கிற துரைக்கு இன்னும் பொழுது விடியலையா?" என்றாள் ஆயா. "ஒரு பிள்ளைக்காக வேன் நிறைய பிள்ளைங்க காத்துக் கிடக்கணுமா?"

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் வாய் மட்டும் பல வருஷ அனுபவத்தோடு வந்து சேர்ந்திருந்தது.

வந்த நாளிலிருந்து அவளும் பார்க்கிறாள், இந்த வாசலில் இதே கதைதான். டிரைவர் ஹார்ன் அடிப்பார், கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், யாரும் ஏறாமலே கிளம்புவார். கேட்டுக்குப் பின்னால் நிற்கும் நாய்கூடக் குரைக்காது. பழகிப்போய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

"பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா கேட்டைப் பூட்டிடுவாங்க அண்ணே. திட்டு வாங்கப் போறது நான்தான்!"

முதல் சீட்டில் இருந்த வாண்டு ஒன்று ஆயாவின் கையைப் பிடித்து இழுத்தது.

"ஆயா, காதைக் குடுங்க."

குனிந்தாள்.

"இந்த வீட்டு அக்கா வர மாட்டாங்க. செத்துப் போயிட்டாங்க. அதைப் பத்தி வேன்ல பேசவே கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

ஆயாவுக்குச் சுருக்கென்றது. சற்று முன்னால் தன் வாயிலிருந்து வந்ததை நினைத்து உடம்பே கூசிப்போனது. அந்தக் கூச்சம் மொத்தமும் கோபமாக மாறி டிரைவர் மேல் பாய்ந்தது.

"ஏன் அண்ணே, அந்தப் பொண்ணு இப்ப இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இந்த வாசல்ல வந்து ஹார்ன் அடிக்கிறீங்க?"

"இந்தத் திருப்பத்துக்கு வந்தா கை தானாப் போயிடுதும்மா."

"நல்லாப் போச்சு கை!" ஆயாவுக்குக் குரலை அடக்கிப் பேச வராது. தெருவுக்கே கேட்டது. "எங்கக்கா ஒரு பையனைப் பறிகொடுத்தவ. தெருவுல எவனாவது சைக்கிள் பெல் அடிச்சாப் போதும், போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவா. அவன் இல்லைன்னு பாத்ததும் அங்கேயே சரிஞ்சு உக்காந்துடுவா. அவளைத் தூக்கி உள்ள கூட்டிட்டு வர்றது எவ்வளவு பாடு தெரியுமா?"

டிரைவர் கேட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அந்த வலி பெத்தவங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணே. நாளைக்கும் வந்து அடிப்பீங்களா?"

"அடிக்கலம்மா. இனிமே இங்க நிக்காமலே போயிடறேன்." சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று ஆயா நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வீட்டுக் கதவு திறந்தது.

தலை வாராத, கசங்கிய நைட்டி போட்ட ஒரு பெண் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியபடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை. பெற்றவள் இவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதே முகத்தை ஆயா தன் அக்காவிடம் பார்த்திருக்கிறாள். வேனுக்குள் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் கப்சிப்பென்று அடங்கினார்கள்.

ஆயா குதித்து இறங்கி ஓடினாள்.

"மன்னிச்சுக்கங்க தாயி. இந்த மனுஷனுக்கு விவரம் பத்தாது. இனிமே இந்தச் சத்தம் உங்க காதுல விழாது, அதுக்கு நான் பொறுப்பு."

அந்தப் பெண் அவளைத் தாண்டி நடந்தாள். நேராக டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அறை விழப்போகிறது என்று ஆயா நினைத்தாள். விழட்டும், விழுந்தால்தான் புத்தி வரும் என்றும் நினைத்தாள்.

"இந்த ஹார்ன் கேட்டதும் தினமும் தலையணையை எடுத்துக் காதை அடைச்சுக்குவேன்," என்றாள் அந்தப் பெண். பேச்சே விட்டுப்போனவளின் குரலாக இருந்தது அது. "வண்டி கிளம்பின பிறகுதான் அழுகை வரும். அழுது தீர்த்துட்டு, அப்புறம்தான் எழுந்து முகம் கழுவுவேன்."

"கேட்டீங்களா அண்ணே?" என்றாள் ஆயா, நியாயம் தன் பக்கம் வந்துவிட்ட தெம்பில்.

அந்தப் பெண் ஆயாவின் பக்கம் திரும்பவே இல்லை. "இங்க பேசினதெல்லாம் உள்ள கேட்டுச்சு. நாளையிலேர்ந்து நிக்காமலே போயிடுவீங்களாமே?"

டிரைவர் குனிந்த தலை நிமிராமல் "ம்" என்றார்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்துச் சொன்னதை, நெடுநாள் கழித்து ஒருவரைச் செல்லமாகக் கடிந்துகொள்வதுபோல் சொன்னாள்.

"இன்னொரு தடவை அடிங்க. நம்ம பொண்ணு என்னைக்குங்க முதல் ஹார்னுக்கே வந்திருக்கா?"