பஸ்ராவில் செத்தவர்

"மூணாவது பாட்டை எடுத்துடு."

மோட்டார் கொட்டாய் வாசலில் நின்றபடியே கொளஞ்சியப்பன் சொன்னார். உள்ளே கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் தமிழரசனுக்கு ஆச்சரியம். ஒன்றரை வருஷமாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், பாட்டின் நம்பரைச் சொல்லிப் பேசுகிறார்!

"ஏம்ப்பா?"

"எடுத்துடுன்னா எடுத்துடு."

தமிழரசனுக்குச் சுருக்கென்றது. நாளைக் காலை பத்து மணிக்கு ஆல்பம் வெளியாகிறது. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில், கரும்புத் தோட்டத்துக்கு நடுவே, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிப் பதிவு செய்த ஹெவி மெட்டல் ஆல்பம். காது கொடுத்துக் கேட்கிற பாட்டு இல்லை, காதைப் பொத்திக்கொண்டு கேட்கிற பாட்டு. முதல் நாள் ஒத்திகையில் பக்கத்து நிலத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

பதினோரு பாட்டுக்கும் ஒரே கதைதான். ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. '1914ஆம் வருஷத்து யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து போனவர் பதினொருவர். உயிர் துறந்தவர் ஒருவர்.' பெயர் ஒன்றும் கிடையாது. தமிழரசன் வீடு வீடாக ஏறி இறங்கி, பழைய பட்டாளத்துக் கடுதாசிகளைத் தேடி, பதினோரு பெயரையும் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பாட்டு கட்டியிருந்தான்.

உயிர் துறந்த அந்த ஒருவருடையதுதான் மூன்றாவது பாட்டு. அவரும் வேறு யாரோ இல்லை. கொளஞ்சியப்பனுடைய தாத்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. மெசபடோமியாவில் பஸ்ரா என்ற ஊரில் குண்டடிபட்டுச் செத்தவர். அவர் பெயரைத்தான் அப்பாவுக்கும் வைத்திருந்தார்கள். நாளைக்குச் சாவடியில் மைக்செட் கட்டி அந்தப் பாட்டை முதலில் நேரிலேயே வாசிப்பதாக ஊரே பேசி முடித்திருந்தது.

"கத்தலா இருக்குதுன்னு பாக்கறியா? சண்டையப் பத்திப் பாடறப்ப தாலாட்டு மாதிரியா பாட முடியும்?"

"கத்தறது ஒண்ணுமில்ல. நல்லா கத்து."

"அப்புறம் இன்னாதான் உனுக்கு?"

கொளஞ்சியப்பனின் பார்வை டிரம் செட்டின் மேல் போய் நின்றது.

"அந்தப் பாட்டுக்கு யாரு அடிச்சது?"

"தமிழழகன்தான். அந்த வேகத்துக்குக் காலும் கையும் ஓடணும்னா நம்ம மாவட்டத்துலயே அவன் ஒருத்தன்தான்."

"அவன் அந்தப் பாட்டுக்கு அடிக்க வேணாம்டா."

தமிழரசனுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. தமிழழகன் காலனிக்காரன். அவன் அப்பா மாயவன் இந்தத் தோட்டத்தில்தான் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறார். நல்ல வேளை, அவன் சாப்பிடப் போயிருந்தான்.

"நெனச்சேன்! நம்ம வூட்டுத் தாத்தா பாட்டுல காலனிக்காரன் கை பட்டா தீட்டாப் பூடுமோ? உன்னைப் போயி நல்லவருன்னு ஊர்ல சொல்றாங்களே, வெக்கமா இருக்குதுப்பா!"

அடிப்பார் என்று நினைத்தான். அவர் அடிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாவின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல எங்கப்பா என்னைக் கரியாலூருக்குக் கூட்டிக்கினு போவாரு. அங்க மலையில ஒரு கெழவரு சாமை வெதச்சிக்கினு தனியா இருந்தாரு. எனக்குப் பலாச்சுளை உரிச்சிக் குடுப்பாரு. அவருக்கும் கொளஞ்சியப்பன்னுதான் பேரு."

"யாருப்பா அவரு?"

"பஸ்ராவுல செத்தவரு."

தமிழரசன் கிட்டாரைக் கீழே வைத்தான்.

"பட்டாளத்துக்கு ஆள் குடுத்தே ஆவணும்னு மணியக்காரரு வந்து நின்னாராம். நம்ம வூட்டுப் பெரியவங்க நம்ம ஆள மலையேத்தி ஒளிச்சிட்டாங்க. பண்ணையாளு சடையனுக்கு அவரு பேரைக் குடுத்து, கப்பல் ஏத்திட்டாங்க. செத்தது சடையன். கடுதாசி வந்தது நம்ம பேருக்கு."

"சடையன் வூட்ல கேக்கலயா?"

"ஊரை வுட்டு ஓடிப் பூட்டான்னு சொல்லிட்டாங்க. அவன் பொண்டாட்டி பூமாலை, ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேர் வாங்கிக்கினு, சாவற வரைக்கும் நம்ம வயல்லயே களையெடுத்திச்சாம். முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச வூடுடா இது. அம்பது வருசமா எனக்கும் தெரியும். நானும் வாயைத் தெறக்கல. பேசாமயே செத்துடலாம்னு இருந்தேன்."

"இப்ப எதுக்குப்பா சொல்ற?"

"நேத்து இந்தப் பக்கமா தண்ணி திருப்ப வந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். அந்தப் புள்ள சட்டையெல்லாம் நனைஞ்சி, கண்ணை மூடிக்கினு அடிக்கிறான். என்னால அங்க நிக்க முடியல." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குச் சாவடியில அந்தப் பாட்டு வர வேணாம். நானே மைக்கைப் புடிச்சி ஊருக்குச் சொல்லிடறேன். அப்புறமா பேரை மாத்திப் பாடு."

"சரிப்பா, பேரை மாத்திடறேன். அதுக்குத் தமிழழகன் எதுக்கு அடிக்கக் கூடாது?"

"சடையன் மாயவனோட தாத்தாடா. அந்தப் புள்ளயோட பூட்டன் சாவுக்கு அவனையே அடிக்க வச்சிக்கினு, நம்ம பேரைச் சொல்லிக் கத்தறியேடா!"