கோடிட்ட இடம்

நோட்டீஸில் எல்லாம் ஏறிவிட்டது. இரண்டாவது வாக்குறுதியில் ஒரு பெயர் மட்டும் பாக்கி. பன்னிரண்டு மணிக்குள் பெயர் வராவிட்டால் கோடு போட்டபடியே அடித்துவிடுவேன் என்று அச்சகக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"என்ன மனுக்காரரே, பரீட்சைத் தாள் மாதிரி 'கோடிட்ட இடத்தை நிரப்புக'ன்னு விட்டிருக்கீங்க? ஓட்டுப் போடுறவங்க வந்து நிரப்புவாங்களா?"

மனுக்காரர் சிரிக்கவில்லை. நோட்டீஸின் மாதிரித் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேராக நகர மன்ற அலுவலகத்தின் பதிவறைக்கு வந்துவிட்டார்.

அந்த அலுவலக வாசலில்தான் இருபத்தைந்து வருஷமாக மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறார். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை வழிகிறது, பக்கத்து வீட்டு மரம் எங்கள் கூரையில் சாய்கிறது என்று ஊர்க்குறை முழுவதும் அவர் கை வழியாகத்தான் உள்ளே போகும். எழுதியதை அன்றைக்கே மறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊர்ப் பாரமெல்லாம் நம் தலையில் ஏறிவிடும் என்பார்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் இந்த முறை வார்டுத் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரு விளக்குக் கம்பம். போன வருஷம், இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், வேலை முடிந்து நடந்து வந்த அவருடைய ஒரே மகள்மீது பின்னால் வந்த வேன் ஏறியது அந்தத் தெருமூலையில்தான். ஆள் இருப்பதே தெரியவில்லை என்றான் ஓட்டுநர். அவன் பொய் சொல்லவில்லை. கம்பம் இருந்தது, கம்பத்தில் விளக்கு இல்லை.

மனுக்காரர் தினமும் அந்த வழியாகப் போய்வருகிறவர்தான். அதற்கு முன் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

விளக்கு தானாகப் போகவில்லை, யாரோ மனுக் கொடுத்துக் கழற்ற வைத்திருக்கிறார்கள் என்று லைன்மேன் போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஜெயித்தால் முதல் வேலை மூலையில் விளக்கு. இரண்டாவது வேலை, அதைக் கழற்றச் சொன்னவர் பெயரை மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிப்பது. குடிநீர், குப்பை, சாலை எல்லாம் அதற்கப்புறம். தண்ணீரை முதலில் போடுங்கள், ஓட்டு விழும் என்று சொல்லாத ஆளில்லை. அவர் காதில் ஏறவில்லை.

வார்டு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர், கம்பத்தை ஒட்டிய மூலை வீட்டு மாடியறைக்கு மட்டும் போகவில்லை. கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். மகள் பிறந்ததும் அங்கேதான். படியில் கால் வைத்தால் மேலே குழந்தை அழுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று பயம்.

"பேரு தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது?" என்று மனைவி கேட்டாள். "அவங்களுக்கு என்ன கஷ்டமோ, கொடுத்திருப்பாங்க."

மகளுடைய அறையில் அவள் இப்போதெல்லாம் பகலிலும் விளக்கை அணைப்பதில்லை. இன்று காலை கிளம்பும்போது அவர் உள்ளே போய் அணைத்தார். மகள் சின்ன வயதிலிருந்தே கதவிடுக்கில் கீற்று வெளிச்சம் தெரிந்தால்கூடத் துணியை வைத்து அடைத்துவிட்டுப் படுக்கிறவள். "வெளிச்சம் இருந்தா அவ தூங்க மாட்டாளே," என்றார் தன்னையறியாமல். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதிவறை எழுத்தர், சின்னப் பெண், தூசி படிந்த கட்டு ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். "மனு இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தினது சார். விளக்கைக் கழட்டினது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு. நம்ம ஆபீஸ் வேகம் உங்களுக்குத் தெரியாததா? அதுக்குள்ள கொடுத்தவங்களே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க."

"எங்க போனா என்ன? பேரைப் பாரும்மா."

அவள் நாடாவை அவிழ்த்து, பழுத்துப்போன ஒரு தாளைப் பிரித்தாள். எதிரில் நின்றிருந்த மனுக்காரர் அதைத் தலைகீழாகத்தான் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது. வலப்பக்கம் சாய்ந்த வரிகள். கீழே சுழித்து இழுத்த 'ழ'.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கசப்பாகச் சிரித்தார்.

"பாத்தியாம்மா கூத்தை. எழுதினது நானேதான். எந்தப் பாவிக்கு எழுதிக் கொடுத்துத் தொலைச்சேனோ."

சட்டைப்பையிலிருந்து மாதிரித் தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்து விரித்தார். பேனாவைத் திறந்து கோட்டின் தொடக்கத்தில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"யாருக்காக எழுதினேன்னு பாரு."

அவள் கையெழுத்துவரை படித்தாள். மறுபடி மேலே போய், ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். விரல் அடியில் வந்து நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

"சொல்லும்மா. யாருக்காக?"

"உங்க பொண்ணுக்காக, சார்."