எஸ் வராத இடம்

“டீச்” என்றார் தலைமையாசிரியை ஞானஜோதி, பாஸ்ட் டென்ஸ் கேட்டு.

“டாட்” என்றாள் தபீதாள்.

“பிரிங்” என்றதும் “பிராட்”. கேள்வி முடிவதற்குள் பதில் போய் நின்றது.

ஞானஜோதிக்குப் பிடித்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில் அந்தப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாளாளர் எட்மண்டின் முகத்தில்தான் ஒன்றும் தெரியவில்லை.

தபீதாளுக்கு இந்த வேலை கிடைத்தாக வேண்டும். ஈஸ்டருக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. “வேலை கெடைக்கலன்னா மரியாதையா உன் வீட்டுக்குப் போயிடு” என்று அம்மா காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

உன் வீடு என்றால் சிட்லபாக்கத்தில் கணவன் ஜெபசீலனின் வீடு.

ஏன் வந்தாள் என்று அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள். ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். படித்த திமிர் என்றார்கள்.

எட்மண்ட் தொண்டையைச் செருமினார். ஜெபசீலனை அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பார்த்துக் கை குலுக்குகிறவர்.

கணவரோடு ஏன் இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஸ்டேஷனிலிருந்து பீச் ரயில் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கேள்வி ஆங்கிலத்தில் வந்ததாலோ என்னவோ, அவளுக்கு வாய் வந்தது.

“ஹி பீட் மீ, சார்.”

எட்மண்டின் காதில் விழுந்தது இலக்கணம் மட்டும்தான். லேசாகச் சிரித்துக்கொண்டே ஞானஜோதி பக்கம் திரும்பினார். “பாருங்க மிஸ், எஸ்ஸை விட்டுட்டாங்க. ஹி பீட்ஸ்னு வரணும். கிளாஸ்ல பிள்ளைங்களுக்கும் இப்படித்தானே சொல்லித் தருவாங்க?”

ஞானஜோதி சிரிக்கவில்லை. அவர் தபீதாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தபீதாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் வகுப்பின் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி வந்தது.

“தப்பில்ல சார். எஸ் போட்டா, இன்னும் அடிக்கிறார்னு அர்த்தம். நான் சொன்னது பாஸ்ட் டென்ஸ்.”

எட்மண்டின் சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

“கரெக்ட்” என்றார் கடைசியில்.

ஞானஜோதி ஆறாம் வகுப்பு டைம்டேபிளைத் தபீதாள் பக்கமாகத் திருப்பி, திங்கட்கிழமை முதல் பீரியடின் மேல் விரலை வைத்தார்.