துணை என்ற வரிசை

பொழுதுபோக்கு வானொலியாளர்களின் ஹாம் ரேடியோ செயற்கைக்கோளின் சேவைகளுக்குப் பெயர் வைத்தவள் தூத்துக்குடி ஜெசிந்தா. உயிர் காக்கும் அழைப்புக்கு 'அவசரம்', அரட்டைக்குப் 'பொது'. மெதுவாகப் பார்த்துக்கொள்ளும் சோதனைகள் துணைச் சேவை என்பதால் அவற்றுக்குத் 'துணை'. அழைப்பவர் முதலில் சொல்லும் சேவைப் பெயரை வைத்தே செயற்கைக்கோள் வரிசைப்படுத்தும்.

புயல் வீசிய காலையில் அவசர அழைப்புகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத் துணை வரிசையைத் திறந்தாள். நாற்பது நிமிடத்துக்கு முன் பதிவான குரல் ஒன்று கேட்டது.

"துணை, துணை! மிக்கேல் பேசுதேன். மணப்பாட்டுக்குக் கிழக்க, வள்ளத்துல தண்ணி ஏறுது. நாலு பேரு இருக்கோம்."

ஜெசிந்தா உடனே மீட்புப் படகுக்குச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் படகிலிருந்து மிக்கேல் பேசினான்.

"மூணு பேரு ஏறிட்டோம்க்கா. தம்பி கை படகு வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நழுவிச்சு."

"அவசரம்னு ஏன்யா சொல்லல?"

"ஆபத்துன்னா துணைக்குத்தானக்கா கூப்பிடுவோம்?"

"தேடச் சொல்லுதேன்யா" என்றாள் ஜெசிந்தா. சொன்னபடி இன்னும் இரண்டு படகுகளை அனுப்பினாள். பிறகு பெயர்ப் பட்டியலில் 'துணை'யை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'காத்திருக்கலாம்' என்று எழுதினாள்.