எச்சில் இலையில் விட்டது

நசரத்பேட்டைக் கல்யாண மண்டபத்தின் பின்புறம், எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளையின் அப்பா கஜபதி.

பெண்ணின் அப்பா ஜெயராமன் பதறி ஓடிவந்தார். “இன்னா சம்பந்தி இது? மோதிரம் எதுனா வுழுந்துடுச்சா?”

துண்டால் வாயைப் பொத்தியிருந்த கஜபதி, ஒரு கணம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார்.

அது போதாதா? மாப்பிள்ளை வீட்டு மோதிரத்தைக் காணோம் என்று மண்டபமே அல்லோலப்பட்டது. இலை எடுத்த லோகம்மாவை எல்லாரும் வளைத்துக்கொண்டார்கள்.

“கையில இன்னாமே மூடிவெச்சினு கீற?”

“மோதிரம் இல்ல சார்.”

“அப்போ தொறந்து காட்டு!”

“யாருதோ அவங்க கைலதான் குடுப்பேன் சார்.”

ஜெயராமனின் மைத்துனர் அவள் விரல்களைப் பலவந்தமாகப் பிரித்தார். உள்ளே, மூன்று பொய்ப்பற்கள் பதித்த பல்செட் பிளேட் ஒன்று. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“இலைல கெடந்துது சார். ஈறு கெட்டுப் பல்லு பூட்டா, பல் காலேஜ்ல கம்மி காசுக்குக் கட்டித் தருவாங்களே, அது. என் ஊட்டுக்காரரும் போட்டுகினு கீறாரு. எல்லார் எதிர்லயும் குடுத்தா, பாவம், வெக்கமாப் பூடும்னுதான் கழுவி மறைச்சு வெச்சேன்.”

“அந்தக் கதையெல்லாம் வேணாம். மோதிரம் எங்க?” ஜெயராமன் கையை ஓங்கினார்.

கஜபதி துண்டை இறக்கினார்.

“மோதிரம் எதுவும் தொலையல சம்பந்தி.” முன்பல் மூன்றும் இல்லாத வாயிலிருந்து சொல்லைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது. “அந்தம்மா கைல கீதே, அதான் தொலைஞ்சுது.”