லேபிள் குடோனில் அரிசி மூட்டை

பஞ்சம்மாள் முந்தானைக்குள் பையை மறைத்துக்கொண்டு லேபிள் குடோனுக்குள் நுழைந்ததும், சொர்ணலட்சுமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது அவளே வைத்த சட்டம். இருப்பவர்கள் கொண்டுவந்து கொட்டலாம். இல்லாதவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம். கொட்டுவது யார், அள்ளுவது யார் என்று ஒருத்தரும் பார்க்கக் கூடாது.

2005 தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. அடைமழையில் குச்சி காயவில்லை என்று தீப்பெட்டி ஆபீஸிலும் ஆட்களை வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அச்சாபீஸ்காரர் ஒருவர் பட்டாசு லேபிள் அடுக்காமல் சும்மா கிடந்த தன் குடோனின் சாவியைக் கொடுத்தார். சொர்ணலட்சுமி வீடு வீடாக ஏறி இறங்கி, அரிசியும் பருப்புமாக மூட்டைகளை நிறுத்திவிட்டாள். வாய் ஓயாதவள். இல்லை என்று சொன்னவர்கள்கூட அவளிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.



ஆனால் பஞ்சம்மாளோடு அவளுக்குப் பேச்சு நின்று இரண்டு வருஷம். குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் பஞ்சம்மாள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவள் வீட்டிலும் உலை வைக்க வழியில்லாமல் போயிற்றா? நிறைய அள்ளிக்கொள்ளட்டும் என்று சுவரைப் பார்த்தபடியே வேண்டிக்கொண்டாள்.

அள்ளும் சத்தம் கேட்கவில்லை. செருமல்தான் கேட்டது.

திரும்பினாள். மேஜைமேல் ஒரு பை கறுப்பு உளுந்து, ஓலைக்கொட்டானில் கருப்பட்டி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். காரியாபட்டியில் விவசாயம் பார்க்கும் தம்பி வீட்டிலிருந்து வாங்கி வந்ததாக, முகம் பார்க்காமல் பஞ்சம்மாள் சொன்னாள்.

சொர்ணலட்சுமிக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. உளுந்தை மூட்டையில் கொட்டப் போனாள். பஞ்சம்மாள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இது மூட்டைக்கு இல்ல. உங்க வீட்ல பிள்ள பெத்துக் கெடக்காள்ல, அவளுக்கு. கருப்பட்டியக் கூடப் போட்டுக் களி கிண்டுங்க. இனிப்பு கொறஞ்சா அவளுக்கு எறங்காது.”



சொர்ணலட்சுமி பையை வாங்கவில்லை. பிடித்திருந்த கையைப் பிடித்தாள். வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த மாடத்தியைக் கூப்பிட்டு, குடோனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

“நான் கிண்டுனா கட்டி தட்டிப்போகும், மதினி. நீங்களே வந்து கிண்டிக் குடுங்க. பேத்தி உங்க சாடைதான்.”

இருவரும் நனைந்துகொண்டே தெருவைக் கடந்தார்கள்.

சொர்ணலட்சுமியின் மகனோடு ஓடிப்போய்க் கல்யாணம் முடித்த தன் ஒரே மகள் அழகுமீனாவை, இரண்டு வருஷத்துக்குப் பிறகு பஞ்சம்மாள் வாசலில் நின்று, “ஏட்டி” என்று கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து முதலில் குழந்தைதான் குரல் கொடுத்தது.